ஆலோசகரை வேலைக்கு வைப்பதா, வரவழைப்பதா, வாத்தியாரையே தயார் செய்வதா?

ஜூன் பிறந்தால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். இந்த வருஷம் மூன்று பேர் கேட்டாயிற்று: காட்பாடிப் பக்கம் மெட்ரிக் பள்ளி நடத்தும் ஒரு தாளாளர், குடியாத்தம் தாண்டி ஒரு அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை, ஆம்பூரில் பிரின்சிபாலாகப் பொறுப்பேற்று ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி. பிள்ளைகள் மனநலத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பதில் மூவருக்கும் சந்தேகமில்லை. முழுநேரமாக ஒருவரை வைப்பதா, வாரத்துக்கு ஒருநாள் வரவழைப்பதா, இருக்கிற ஆசிரியர்களையே பயிற்சிக்கு அனுப்புவதா, இல்லை நமக்கேன் வம்பு என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவதா, அதில்தான் குழப்பம்.

நான் உளவியல் படித்தவள் இல்லை. 11 வருஷம் எச்.எம். நாற்காலியில் உட்கார்ந்து, இந்த நான்கையும் ஏதோ ஒரு வருஷத்தில் செய்து பார்த்து, இரண்டில் நன்றாகவே அடிவாங்கியவள். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். "செய்யலாமா வேண்டாமா" என்று யோசிக்கிற காலம் போய்விட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவி இறந்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ படிக்கிற எந்தக் கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவரையாவது நியமிக்க அல்லது அமர்த்த வேண்டும்; அதைவிடச் சின்னப் பள்ளி, வெளியில் உள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும்; எல்லா ஊழியர்களுக்கும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். ஆக, கேள்வி "எப்படி" என்பது மட்டும்தான்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் முதலில் கேட்பது செலவு எவ்வளவு என்று. அதைக் கடைசியில் வையுங்கள்.

நான் முதலில் பார்ப்பது, ஒரு பிள்ளை பிறர் கண்ணில் படாமல் போய்வர முடியுமா என்பதை. நாங்கள் முதன்முதலில் ஆலோசகர் அறை ஒதுக்கியபோது ஆபீஸ் பக்கத்து அறையைக் கொடுத்தோம். ஃபேன் இருந்தது, நல்ல மேஜை இருந்தது, சுவரில் பூப்படம்கூட மாட்டினோம். ஜன்னல் ஃபீஸ் கட்டுகிற கவுன்டரைப் பார்த்தபடி இருந்ததை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்கிற அத்தை, பெரியம்மா, எதிர்வீட்டு ஆன்ட்டி எல்லோருக்கும் உள்ளே யார் அழுகிறார் என்பது தெளிவாகத் தெரியும். காலாண்டுப் பரீட்சை வரை உள்ளே வந்த பிள்ளைகள் நான்கே பேர். அப்புறம் நூலகத்துக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் ரூமைக் காலி செய்து மாற்றினோம். கையில் ஒரு நூலகப் புத்தகம் இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் அல்லவா, கூட்டம் தானாக வந்தது.

இரண்டாவது, அவசரம். வியாழக்கிழமை மதியம் ஒரு பிள்ளை "செத்துப் போகலாம்போல இருக்கு" என்று சொன்னால், எத்தனை நிமிஷத்தில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காருவார்?

மூன்றாவது, சொன்னது எங்கே போகும். குறிப்பேடு யார் பீரோவில் இருக்கிறது, சாவி யாரிடம்? எச்.எம். கேட்டால் ஆலோசகர் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நம்மில் பாதிப் பேர். கூடாது. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து, பாலியல் தொந்தரவு, இந்த மூன்றை மட்டும் மறைக்க முடியாது என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். மூன்றாவதில் சட்டமே கழுத்தில் இருக்கிறது: 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த எவரும் புகார் கொடுத்தே ஆக வேண்டும், தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. "உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்கிற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் மொழி. இது நம் மாவட்டங்களுக்கே உரியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகள், ஆந்திர எல்லை ஓரம் தெலுங்கு பேசுகிறவர்கள். தமிழில் பாடம் படிப்பது வேறு, தமிழில் அழுவது வேறு.

கடைசியாக, அடுத்த வருஷமும் அதே முகம் இருக்குமா என்பதும், உங்கள் சொந்த நேரம் வாரத்துக்கு எவ்வளவு போகும் என்பதும். அதற்குப் பிறகு பணம்.

## முழுநேர ஆலோசகர்

கேட்க நன்றாக இருக்கும், விளம்பர நோட்டீஸில் போட இன்னும் நன்றாக இருக்கும். தினமும் ஆள் இருக்கிறார் என்பதால் அவசரத்துக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. சும்மா மைதானத்தில் நடந்து போகிறபோதே பத்துப் பிள்ளைகள் முகம் பார்த்துப் பழகிவிடுவார்கள்.

சம்பளம் ஒரு பி.ஜி. ஆசிரியருக்குத் தருவதைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். குறைத்தால் மூன்று மாத டிப்ளமோ சான்றிதழோடு ஒருவர் வருவார், அவரைக் குறை சொல்லி என்ன பயன். எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுகலையில் மருத்துவ, மனநலப் பிரிவு படித்தவர் அல்லது எம்.எஸ்சி. உளவியல் படித்துப் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் உள்ளவர் வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஆனால் இதில் மறைந்திருக்கிற செலவு சம்பளத்தில் இல்லை, சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஜூனில் ஒரு பெண்ணை ஆலோசகராகச் சேர்த்தார்கள், நல்ல படிப்பு, நல்ல குணம். ஜூலையில் ஆங்கில டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். "ரெண்டு வாரம் மட்டும் பார்த்துக்கோங்கம்மா." அரையாண்டு வருவதற்குள் அந்தப் பெண் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு கிராமர் எடுத்து, பேப்பர் திருத்தி, மார்க் போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை தன் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுத பிள்ளைக்குப் புதன்கிழமை 100க்கு 31 போட்டுக் கொடுத்தால், அடுத்த திங்கள் அது எப்படி வரும்? மார்ச்சில் அவர் ராஜினாமா கொடுத்தார். தாளாளர் சொன்னது: "நம்ம ஊர்ல கவுன்சிலிங் எல்லாம் எடுபடல சார்."

இன்னொன்று, அந்த ஆள் பள்ளியில் தனி ஆள். தன்னைவிட அனுபவமுள்ள ஒருவரோடு மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேச அவருக்கு வழி செய்து, அதற்கான நேரத்தையும் பணத்தையும் நீங்கள் தர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வருஷம் அவரே வறண்டுபோவார்.

ஹாஸ்டல் வைத்திருக்கிற பள்ளி, 11, 12ஆம் வகுப்பில் நீட், ஜே.இ.இ. என்று பிழிகிற பள்ளி, 800 பிள்ளைகளைத் தாண்டிய பள்ளி இவற்றுக்கு வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

## வாரம் ஒருநாள் வந்துபோகிறவர்

வேலூருக்கு இதில் ஒரு யோகம் உண்டு. சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிற ஊர் என்பதால் மனநலத் துறையில் பயின்றவர்கள், அங்கே வேலை பார்த்துவிட்டுக் கல்யாணம், குழந்தை என்று வெளியே வந்தவர்கள், பக்கத்து மாவட்டங்களைவிட இங்கே அதிகம் கிடைப்பார்கள். அவர்களுக்கு முழுநேர வேலை வேண்டாம், வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் என்றால் சந்தோஷமாக வருவார்கள். முழுநேரத்துக்கு உங்களால் சம்பளம் கொடுக்க முடியாத தரத்தில் ஒருவர், ஒருநாள் கூலியில் கிடைக்கிறார்.

பிள்ளைகளும் வெளியாளை நம்புவார்கள். அவர் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்க மாட்டார், பேரன்ட்ஸ் மீட்டிங்கில் உட்கார மாட்டார்.

கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 40 நிமிஷமாக ஆறு பேர். பரீட்சை, விடுமுறை, ஆண்டுவிழா ஒத்திகை எல்லாம் போக வருஷத்துக்கு 30 செவ்வாய்க்கிழமை கிடைத்தால் 180 அமர்வு. ஒரு பிள்ளைக்குச் சராசரியாக ஐந்து முறை என்றால் 36 பிள்ளைகள். 2015–16 தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அந்த வயதில் 500 பேர் இருக்கிற பள்ளியில் அதுவே 36 பேர். கணக்கு சரியாக உட்காருகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். கோளாறு என்று எழுத முடியாத காதல் தோல்வி, அப்பாவின் குடி, தோழி பேசாமல் போனது இதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் பழைய பிள்ளைகளே எல்லா நேரத்தையும் நிரப்பிவிடுவார்கள், புதிதாக ஒரு பிள்ளை கதவைத் தட்டினால் "தீபாவளிக்கு அப்புறம் வாம்மா" என்று சொல்கிற நிலை வரும்.

அடுத்த தலைவலி டைம்டேபிள். செவ்வாய் மூன்றாவது பீரியட் கணக்கு என்றால் ஒவ்வொரு வாரமும் அதே கணக்கு வகுப்பிலிருந்து அதே பெண் எழுந்து போவாள். கணக்கு சார் என்னிடம் சண்டைக்கே வந்தார், அவர் பக்கமும் நியாயம் உண்டு. வாரம் ஒரு பீரியடாக மாற்றி மாற்றி அனுப்பும் அட்டவணையை நானே உட்கார்ந்து போட்டேன், இதை உதவியாளரிடம் விட்டால் பெயர்ப் பட்டியல் பள்ளி முழுக்கப் பரவிவிடும்.

சமூகப் பணி மாணவர்களைக் களப்பணிக்கு எடுத்துக்கொள்வது ஒரு மலிவான வழி. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்ற இடங்களில் அந்தப் படிப்பு இருக்கிறது. உற்சாகமான பிள்ளைகள், வகுப்பறை நடவடிக்கைகளுக்கு அருமையானவர்கள். ஆனால் பயிற்சியில் இருப்பவரை ஆலோசகர் என்று கணக்குக் காட்டாதீர்கள். அதோடு, நம் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு தொடங்குகிற நேரத்தில்தான் அவர்களுக்கும் செமஸ்டர் முடிந்து கிளம்புவார்கள்.

## இருக்கிற ஆசிரியர்களையே தயார் செய்வது

அரசுப் பள்ளி எச்.எம். தனியாக யாரையும் நியமிக்க முடியாது, ஆகவே அவருக்குக் கையில் இருப்பது இதுதான். அரசுப் பள்ளி ஸ்டாஃப் ரூமில் கவுன்சிலிங் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மாறுதல் கலந்தாய்வுதான், அது வேறு கதை. ஆனால் இந்த வழியை ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைத்துவிட வேண்டாம். எந்த ஆலோசகரை வைத்தாலும், பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்பதை முதலில் பார்க்கிறவர் ஆலோசகராக இருக்க மாட்டார்.

எங்கள் பள்ளியில் பெருக்குகிற ஆயா ஒருநாள் என் அறை வாசலில் துடைப்பத்தோடு வந்து நின்றார். "டீச்சரம்மா, பத்தாவது படிக்குதே, ரெட்டைப் பின்னல் போட்டுக்கினு ஒரு பொண்ணு, அது நாலு நாளா டப்பாவே தொறக்கல. அப்படியே மரத்தடியில நாய்க்குக் கொட்டிட்டுப் போவுது. இன்னான்னு பாருங்க." அந்தப் பெண்ணுக்கு ஆறு டீச்சர்கள் தினமும் பாடம் எடுத்தார்கள். ஹோம்வொர்க் ஒழுங்காக முடித்தாள், மார்க்கும் குறையவில்லை, அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவள் அப்பா கடன் தொல்லையில் வீட்டை விட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் பயிற்சி நாளில் ஆயா, வாட்ச்மேன், வேன் டிரைவர் அண்ணன் எல்லோருக்கும் நாற்காலி உண்டு. உச்ச நீதிமன்றமும் எல்லா ஊழியர்களையும்தான் சொல்கிறது.

யாரைத் தேர்ந்தெடுப்பது? ஒழுங்குக் குழுவில் இருப்பவர் வேண்டவே வேண்டாம். பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட்டுக்குப் பொறுப்பான பாட ஆசிரியரும் வேண்டாம். பி.டி. சார், நூலகர், ஓவிய ஆசிரியர் மாதிரி மார்க் கையில் இல்லாதவர்கள் நல்லது. ஆண் ஒருவர், பெண் ஒருவர். யாரைப் போடலாம் என்று பிள்ளைகளிடமே சீட்டெழுதிக் கேளுங்கள். நான் கேட்டபோது வந்த பெயர் நான் நினைத்தே பார்க்காத ஒருவருடையது.

இதை இலவசம் என்று நினைத்தால் மோசம் போவீர்கள். அந்த இருவருக்கும் வாரத்தில் நான்கு பீரியடாவது குறைக்க வேண்டும், அந்தச் சுமை மற்றவர்கள் தலையில் விழும், முணுமுணுப்பு வரும், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அந்த டீச்சர் ராத்திரி தூங்காமல் கிடப்பதும் ஒரு செலவுதான். அவர்கள் வேலை கேட்பது, கவனிப்பது, சரியான இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. சிகிச்சை செய்வது இல்லை. இந்தக் கோட்டை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

அரசுப் பள்ளிகளில், பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அதை எங்கே மாட்டியிருக்கிறீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை திறக்கிறீர்கள் என்று பாருங்கள். ஸ்டாஃப் ரூம் வாசலில் மாட்டினால் அதில் சிலந்திதான் குடியிருக்கும். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாட்டுங்கள்.

## வெளியே அனுப்பிவைப்பது

இதை நான்காவது வழி என்று சொல்வதே பாதி தப்பு, மற்ற மூன்றுக்கும் இது கூடவே இருக்க வேண்டியது. சாவைப் பற்றிப் பேச்சு, நாள்கணக்கில் தூக்கமின்மை, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்பது, சாப்பாட்டை அடியோடு விடுவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, இவை பள்ளி கையாள்கிற விஷயங்கள் இல்லை. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957 முதல் நடக்கிறது, நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே பார்ப்பது அவர்கள் வழக்கம். அரசு வழி என்றால் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போனில் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். பள்ளிக் கல்வி உதவிக்கு 14417, குழந்தைகளுக்கு 1098.

இதன் மறை செலவு முழுக்கப் பெற்றோர் தலையில். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கோ ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்கோ போகிற அம்மா, காலையில் கம்பெனி பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் வீடு. "நாளைக்கு ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போங்க" என்று நாம் சொல்கிற ஒரு வரி அவருக்கு ஒருநாள் கூலி, பஸ் காசு, சூப்பர்வைசரிடம் வசவு. அதற்கு மேல் பயம் வேறு. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மாதிரி, இங்கே பாகாயம் என்று சொன்னதும் சிலர் முகம் மாறிவிடும். மெடிக்கல் காலேஜ் இருக்கிற இடம்தானே என்றால்கூட எடுபடாது. "எம் பொண்ணு பைத்தியமா டீச்சர்?" என்று கேட்ட அம்மாவுக்கு நான் பதில் தேடிய அந்த அரை நிமிஷம் இன்னும் நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்ப் பேசி, முதல் தடவை பி.டி. டீச்சரையும் துணைக்கு அனுப்பிய பிறகுதான் அந்தப் பெண் மருத்துவரைப் பார்த்தாள்.

தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள்: "டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவோம்" என்பது. அனுப்பிவைப்பதற்கும் துரத்திவிடுவதற்கும் நடுவில் மெல்லிய கோடுதான்.

மோட்டிவேஷன் ஸ்பீக்கரை ஒருநாள் கூப்பிட்டு மைக் கொடுத்தால் போதாதா என்று காட்பாடித் தாளாளர் கேட்டார். போதாது. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

## ஒரே பார்வையில்

| | முழுநேரம் | வாரம் ஒருநாள் | பயிற்சி பெற்ற ஆசிரியர் | வெளித் தொடர்பு மட்டும் |
|---|---|---|---|---|
| அவசரத்துக்கு | உடனே | அந்த நாள் மட்டும் | உடனே, முதலுதவி அளவுக்கு | 14416 உடனே, மற்றது தாமதம் |
| ரகசியம் | அறையைப் பொறுத்தது | நன்று | கடினம் | நன்று |
| மொழி | ஒரே ஆளை நம்பியது | தேடிப் பிடிக்கலாம் | உள்ளூர் என்பதால் எளிது | இடத்தைப் பொறுத்தது |
| தொடர்ச்சி | சம்பளம், மரியாதையைப் பொறுத்தது | சுமார் | மாறுதல் வரும்வரை | குடும்பம் போய்வரும்வரை |
| மறை செலவு | வகுப்புக்கு இழுக்கப்படுவது | டைம்டேபிள், நிரம்பிப்போவது | ஆசிரியரின் தூக்கம் | பெற்றோரின் கூலி |
| எச்.எம். நேரம் | முதல் வருஷம் அதிகம் | வாரம் 2 மணி நேரம் | மிக அதிகம் | ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி |

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

காட்பாடித் தாளாளரிடம் 600 பிள்ளைகள், ஹாஸ்டல் இல்லை. முழுநேரம் என்று குறைந்த சம்பளத்தில் ஒருவரைப் பிடிப்பதைவிட, நல்ல அனுபவசாலி ஒருவரை வாரம் இரண்டு நாள் அமர்த்துங்கள், கூடவே இரண்டு ஆசிரியர்களைத் தயார் செய்யுங்கள் என்றேன். மீதி மூன்று நாளுக்கு அவர்கள்தான் கை.

குடியாத்தம் டீச்சரிடம், ஆசிரியர், ஆயா பயிற்சியையும் பெட்டியையும் முதலில் ஒழுங்கு செய்யுங்கள், அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டு அடுக்கம்பாறையோடு எழுத்துப்பூர்வத் தொடர்பு ஏற்படுத்துங்கள் என்றேன். பீடி சுற்றுகிற, தறி ஓட்டுகிற வீடுகள் அவர் பள்ளியில் நிறைய, பெற்றோரைப் பகலில் கூப்பிடாமல் ராத்திரி ஏழு மணிக்குப் போனில் பிடிக்கச் சொன்னேன்.

ஆம்பூர் தம்பிக்கு ஹாஸ்டல் உண்டு. முழுநேரம்தான், உருது தெரிந்தவராகத் தேடு, இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை என்றேன். ஆனால் அதற்கு முன்னால் பிரேயரில் ரேங்க் வாசிப்பதை நிறுத்து, மார்க் வைத்து 'ஏ', 'பி', 'சி' என்று பிரித்து உட்காரவைத்திருப்பதைக் கலை என்றும் சொன்னேன். காலையில் 'சி' பிரிவு என்று அறுநூறு பேர் முன்னால் சொல்லிவிட்டு மதியம் அந்தப் பிள்ளையை ஆலோசகரிடம் அனுப்பினால் அவர் என்னதான் செய்வார்? நீதிமன்ற வழிகாட்டுதலிலும் இந்தப் பிரிப்பையும் பொதுவில் அவமானப்படுத்துவதையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்கு இது பிடிக்கவில்லை, மேனேஜ்மென்ட் ஒத்துக்கொள்ளாது என்றான். ஆலோசகர் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டவர்கள் காசே ஆகாத இதற்கு ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

காட்பாடித் தாளாளர் மறுநாள் ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டே வந்துவிட்டார். ஜூன் முதல் மார்ச் வரை, பத்து மாதம். மே மாதத்தையும் சேருங்கள் என்றேன்.

"மே மாசம் பள்ளிக்கூடமே இல்லையேம்மா, எதுக்குச் சம்பளம்?"

"ரிசல்ட் எப்போ சார் வருது?"

பேனாவை எடுத்து மார்ச்சை அடித்தார். ரிசல்ட் அன்று காலை எட்டு மணியிலிருந்து பள்ளி நம்பரை யார் எடுப்பது, மார்க் குறையும் என்று நாம் முன்கூட்டியே அறிந்த பிள்ளைகளின் வீட்டுக்கு முந்தின நாளே யார் பேசுவது என்று கீழே இரண்டு வரி எழுதச் சொன்னேன். முதல் வரியில் தன் பெயரையே எழுதினார்.